கரும்புள்ளி

அவள் சுடும் டார்ட்டை ருசி பார்க்கத் தெருமுனைக் காபிக் கடைக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கடைக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு தட்டுக்கு இடம் காலி. பிடித்திருந்தால் அது அவளுக்கு. இல்லையென்றால் வேறு யாருக்கோ.

அவளுக்குத் துளியும் பதற்றமில்லை. வெண்ணெய் வைத்து மடித்து மடித்துத் தேய்த்த மாவைப் பாய்போலச் சுருட்டி, காலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். அதில் பாதியைத் துண்டு போட்டு, சுருள் மேலே தெரியும்படி அச்சுகளில் வைத்தாள். கட்டைவிரலைக் குளிர்ந்த நீரில் நனைத்து, நடுவிலிருந்து விளிம்புவரை மாவை அழுத்தி ஏற்றினாள். பட்டையும் எலுமிச்சைத் தோலும் மணக்கும் பாகில் பாலும் மஞ்சள் கருவும் சேர்ந்த கஸ்டர்டை முக்கால்வாசி ஊற்றினாள். ஓவனின் சூட்டுக் குமிழைக் கடைசிவரை திருப்பி, சூடேறியதும் அச்சுகளை உள்ளே வைத்தாள். போர்த்துகீசிய டார்ட்டுக்கு மிதமான சூடு ஆகாது. மேலே கரும்புள்ளி விழவேண்டும்.

“கொஞ்சம் பாத்துக்கங்க. முகம் கழுவிட்டு வந்துடறேன்,” என்றாள் கணவனிடம்.

அவனுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை.

துண்டோடு திரும்பியபோது குமிழ் பாதிக்கு இறங்கியிருந்தது.

“யாரு குறைச்சது?”

“நான்தான். கருக ஆரம்பிச்சுடுச்சு. நல்லவேளை, நான் இருந்தேன்.” மெடல் குத்திக்கொள்ள நிற்பவன்போல நின்றான்.

“கருகணுங்க! அதுக்குத்தானே இவ்வளவு பாடு.”

“கண்ணெதிர கருகினா என் கை சும்மா இருக்குமா?”

“ஹெல்மெட்ட ஸ்டேஷன்ல கழட்டி வைக்கறீங்கல்ல, அந்தக் கையையும் வச்சுட்டு வாங்க.”

வெளியே எடுத்தாள். மேலே சோகை மஞ்சள். ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடி நனைந்த அட்டைபோலத் தொய்ந்தது.

வாசல் மணி அடித்தது.

“இதையே குடுத்துடேன். அவருக்கு என்ன தெரியும்?”

“எனக்குத் தெரியுமே.”

கடைக்காரர் தட்டைப் பார்த்தபடியே உள்ளே வந்தார். “ரெடியா இருக்கே!”

“அது எங்க வீட்டுக்காரருக்கு. உங்களுக்கு வேற போடறேன். உக்காருங்கண்ணா.”

“கடையில ஆளில்லம்மா.”

“அப்ப நாளைக்கு வாங்க. இதை மட்டும் தரமாட்டேன்.”

அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மீதி மாவை வெட்டினாள், அழுத்தினாள், கஸ்டர்டை ஊற்றினாள். ஓவன் மறுபடி கொதிக்கும்வரை காத்திருந்து உள்ளே வைத்தாள். கணவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். முதல் புள்ளி விழுந்தது.

“இப்பவா?”

“இல்ல.”

புள்ளிகள் பரவின.

“இப்ப?”

“மூச்சு விடுங்க.”

இன்னும் சற்றுப் பொறுத்துத்தான் எடுத்தாள். சூடு தணிந்ததும் கடைக்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “என்னம்மா, கருகிப்போச்சா?”

அவள் வாயைத் திறக்குமுன் கணவன் சொன்னான்: “அது அப்படித்தாண்ணா இருக்கணும்.”

கடித்தார். விளிம்பு நொறுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இரண்டாவதை எடுத்தார்.

“தினம் கடை திறக்கறதுக்குள்ள தர முடியுமா?”

“தந்துடுவேண்ணா,” என்றாள். “இவர் டூட்டிக்குப் போற நாள்ல இன்னும் சீக்கிரமாவே.”