நீலத் தட்டு

வாண்டுவின் வாய்க்குள் விரலை விட்டு, மென்றும் மெல்லாமலும் கிடந்த பன்னை அம்மா தோண்டி எடுத்தாள். இரண்டு வயதுப் பிள்ளை வீறிட்டது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில், பாயில், போர்த்திய துணிக்குள் ஐந்து வயது மைனா மட்டும் அசையாமல் கிடந்தாள்.

"பசியில அழுதுச்சேன்னுதான்மா குடுத்தேன்," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "உங்க வீட்டுக்காரர் கடை ஆளுங்கதான் ஒரு பை நிறைய கொண்டாந்து வச்சிருக்காங்க."

"யாரு கொண்டாந்தா என்னக்கா? இனிமே இந்த வீட்டுக்குள்ள கோதுமை வரக் கூடாது."

அக்கா ரொட்டிப் பையை எட்ட நகர்த்தி வைத்தாள். துக்க வீட்டில் யார் யாரோடு வாதாடுவது?

பிள்ளைகளின் அப்பா ரொட்டி போடுகிறவன். மைனாவுக்கு வயிறு உப்பி, கைகால் குச்சியாகி, தின்றதெல்லாம் தண்ணீராகப் போனபோது, "கோதுமை ஒத்துக்கலையோ என்னவோ, ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார் தெரு டாக்டர். அதற்கு இரண்டு மாதம் தள்ளித்தான் நாள் கிடைத்தது. வினை பிடித்தது அங்கேதான். ரொட்டிக் கடையைச் சோதிக்க ஆள் வருகிறான் என்றால் மேஜை, தட்டு, அடுப்பு வாய் என்று ஒன்று விடாமல் அலசித் துடைத்து வைப்பது அவன் தொழில் பழக்கம். அதே கையோடு மகளையும் சோதனைக்குத் தயார் செய்தான் மனுஷன். மாவு டப்பாக்கள் வீட்டை விட்டுப் போயின. வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றி, குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவான். மைனாவுக்கென்று தனியாக ஒரு நீலத் தட்டு வாங்கினார்கள். யாராவது கொடுத்த பிஸ்கட்டில் பாதியை அக்காவுக்கென்று வாண்டு அதில் கொண்டுபோய் வைப்பாள். அம்மா பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்குவாள். அந்த இரண்டு மாதமும் அவளுக்கு அதே வேலையாக இருந்தது.

மைனா தேறினாள். கன்னம் வந்தது. பேருக்கேற்ற வாயாடித்தனமும் திரும்பி வந்தது. ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்த அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று பைத்தியங்கள் மாதிரி சிரித்தார்கள். அன்று சாயங்காலமே அவன் மகளுக்கென்று உள்ளங்கையளவு ஒரு பன் சுட்டுக் கொண்டுவந்தான். அம்மாதான் பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள்.

மறுபடி வயிறு போக ஆரம்பித்தது. சோதனையில்தான் ஒன்றுமில்லையே, இது வேறென்னவோ என்று நினைத்து, தெம்புக்காகப் பாலில் நனைத்த ரொட்டியையே கொடுத்தார்கள். உடம்பிலிருந்த நீரும் உப்பும் வற்றிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கே டாக்டரம்மா கேட்டாள். "ரத்தம் எடுத்தப்போ கோதுமை சாப்பிட்டுட்டு இருந்தாளா?"

"ரெண்டு மாசமா வாசனைகூடக் காட்டல டாக்டர்," என்றான் அவன், பெருமையாக.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் அந்த நோய் ரத்தத்தில் தெரியுமாம். இன்று விடியும்போது மைனா போய்விட்டாள்.

மத்தியானம் தூக்கிக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் எல்லோரும் கலைந்த பிறகு, அவன் சமையலறை வாசற்படியில் வந்து நின்றான்.

"சின்னவளுக்கும் இருக்கலாமாம். கூடப் பொறந்தவங்களுக்கு வருமாம். சோதிக்கணும்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பினாங்க."

"சோதிங்க."

"அதுவரைக்கும்…" அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அதுவரைக்கும் நிறுத்தக் கூடாதாம். தினமும் குடுக்கணுமாம்."

"என்னத்த?"

அவன் மூலையிலிருந்த ரொட்டிப் பையைக் காட்டினான்.

"ஒருத்திய ஊட்டி ஊட்டியே அனுப்பினேன்," என்றாள் அவள். "இவளுக்கும் நானே ஊட்டணுமா? உங்க டாக்டரம்மா பெத்தவதானா?"

"குடுக்கலேன்னா இந்தத் தடவையும் ஒண்ணுமில்லேன்னுதான் வரும்."

வாண்டு காலையிலிருந்து பட்டினி. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் உருண்டை பிடிக்கிற கை, அதைப் பிய்க்க முடியாமல் நின்றது.

"கொண்டாங்க இங்க," என்று அவள் வாங்கிக்கொண்டாள். கொஞ்சமாகப் பிய்த்து, பாலில் நனைத்து, வாண்டுவின் வாயருகே கொண்டுபோனாள். காலையில் அதே விரல் வாய்க்குள் போனபோது வீறிட்ட பிள்ளைதான். இப்போது அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தது. மென்றது. விழுங்கியது. மறுபடி திறந்தது.

பசி அடங்கியதும் வாண்டு மீதிப் பன்னைப் பிடுங்கிக்கொண்டு தத்தித் தத்தி அலமாரியடிக்குப் போனாள். அங்கேயிருந்த நீலத் தட்டில் அதை வைத்தாள்.

"அக்கா," என்றாள்.

அம்மா பதறிக்கொண்டு ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.