பதினொன்றாம் நாற்காலி

1

இந்தக் கதை பக்தியில் பிறந்ததில்லை, கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கச்சேரி ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் ரகுபதி, போன மாதம் கல்லாவில் உட்கார்ந்தபடி கேட்டான்: "எங்க கபாலி கோயிலுக்குள்ள யார் வேணும்னாலும் வரலாம்னு சட்டமே வந்தாச்சு. உங்க மாதா கோயில்ல நடுவுல கம்பி கட்டி ஜாதி பிரிச்சு வச்சிருக்கீங்களாமே, நெஜமா?"

நிஜம்தான் என்றேன். வேறென்ன சொல்ல? மழை நாளில் நாங்கள் குடையை மாட்டுவதே அந்தக் கம்பியில்தான். அவன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் ஆரம்பம்: "1948, பெரிய வியாழக்கிழமை. மாலைக் கடற்காற்றில் கோவில் மணியோசை மிதந்து..."

அடித்துவிட்டேன். பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு எங்கள் கோவில்களில் மணி அடிப்பதில்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவோம். இதை என் அம்மா படித்திருந்தால் காதைத் திருகியிருப்பாள்.

இரண்டாம் ஆரம்பம், இது நிற்கும்: மந்தைவெளிப் பக்கத்துக் கோவில் ஒன்றில் (தேடிப் போகாதீர்கள், கிடைக்காது) உபதேசியார் சந்தியாகு தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டிருந்தார். ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதும், சாமியாருக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஓடுவதும் அவர் வேலை. அன்று, பெரிய வியாழனுக்கு முந்தின நாள், அவர் ஒரு பெரிய சண்டையைத் தடுத்திருந்தார்.

சங்கதி இதுதான். பெரிய வியாழனன்று பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருவருடைய வலது காலையும் கழுவி, துண்டால் துடைத்து, முத்தமிடுவார். சேசுநாதர் தம் சீடர்களுக்குச் செய்தது அது. எல்லாருக்கும் ஒரே தாம்பாளம், ஒரே துண்டு. அந்தப் பன்னிரண்டு பேரும் எப்போதும் கம்பிக்கு முன்னால் உட்காரும் வீட்டுக்காரர்கள்தான். இந்த வருஷம் பங்குச் சாமியார் முடியப்பநாதர், "பின்னாலேயிருந்து மதலைமுத்து வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மதலைமுத்து கார்ப்பரேஷனில் சாக்கடை அள்ளுகிறவர்.

மரக்கடை பெரியநாயகம் சந்தியாகிடம் வந்து குதித்தார். "அவன் காலைத் துடைச்ச துண்டு என் கால்ல படணுமா? நாங்க யாரும் வரமாட்டோம். அப்புறம் நீயும் சாமியாரும் மாத்தி மாத்திக் கழுவிக்குங்க."

பெரியநாயகத்தின் அக்கா மகனுக்குத்தான் சந்தியாகின் மகளைப் பேசி வைத்திருந்தது. சந்தியாகு யோசித்தார். கடைசி நாற்காலியில் மதலைமுத்து. அதற்கு முந்தின நாற்காலியில், யாரும் பக்கத்தில் உட்கார வேண்டாதபடி, சந்தியாகு தானே. கடைசிக் காலைக் கழுவிய பிறகு அந்தத் தண்ணீரும் துண்டும் யாரிடமும் போகாது.

"அப்படின்னா சரி" என்றார் பெரியநாயகம்.

3

இங்கே எனக்கு ஒரு தகராறு வந்தது. முதலில் எழுதியதில், செய்தியைக் கேட்டதும் மதலைமுத்து கைகூப்பி அழுதார். கிழித்துப் போட்டேன். அழுகிற ஏழையை எழுதுவது ரொம்ப சுலபம், படிக்கிறவர்களுக்கும் சுகமாக இருக்கும். நடந்தது வேறு.

"நாளைக்கு நல்லாக் கழுவிட்டு வா" என்றார் சந்தியாகு.*

"சாமிதானே கழுவப் போறாரு?"

"அதுக்கில்லப்பா. முத்தம் குடுப்பார் இல்ல?"

மதலைமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மத்தவங்களாண்டயும் சொன்னீங்களா, கழுவிக்கினு வாங்கன்னு?"

சந்தியாகு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

(* மதலைமுத்து இவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் இவர் "வா, போ" என்கிறார், அவர் "நீங்க" என்கிறார். மாற்றி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். கதை பொய்யாகிவிடும் என்று வைத்துவிட்டேன்.)

4

மறுநாள் பன்னிரண்டு நாற்காலிகளும் நிறைந்தன. பெரியநாயகம் முதல் நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு, சந்தன சோப்பு மணக்கும் காலை முன்னால் நீட்டி வைத்தார். சாமியார் தாம்பாளத்தோடு வந்தார். வந்தவர் அந்தக் காலைத் தாண்டிப் போனார். இன்னும் போனார். கடைசி நாற்காலிக்கு முன்னால் போய் முழந்தாளிட்டார்.

சந்தியாகு போட்ட கணக்கு கவிழ்ந்தது. இந்தக் கோடியிலிருந்து ஆரம்பிப்பார் என்று யார் கண்டது?

மதலைமுத்தின் கால் அவர் கண்ணெதிரே இருந்தது. செங்கல்லால் தேய்த்திருக்கிறார். குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. தான் சொன்ன ஒரு சொல்லின் வேலைதான் அது என்று சந்தியாகுக்குத் தெரிந்தது, வெட்கமாக இருந்தது. சாமியார் கழுவினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். மதலைமுத்து தலையைக் குனியவில்லை. துண்டில் லேசாக ரத்தக் கறை ஒட்டியது.

பிறகு சாமியார் முழந்தாளாலேயே நகர்ந்து சந்தியாகின் முன்னால் வந்தார்.

சந்தியாகின் வலது கால் வேட்டிக்குள் இழுத்துக்கொண்டது. காலையிலிருந்து ஓடியாடியதில் அது புழுதியாக இருந்தது. அவரை யாரும் கழுவிக்கொண்டு வரச் சொல்லவில்லையே. அந்தப் பக்கம் பத்துப் பேரும் எட்டி அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்தால் பத்துப் பேரும் எழுவார்கள், காலி நாற்காலிகளுக்கு நடுவே மதலைமுத்து தனியாக உட்கார்ந்திருப்பார். அவர் காலை நீட்டினால் அதே துண்டு அடுத்து அந்தப் பத்துப் பேர் காலுக்கும் போகும், மகள் கல்யாணம் அதோடு சரி.

5

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் சந்தியாகு காலை நீட்டுகிறார். எழுத ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவருக்கு அவ்வளவு கஷ்டமான காரியம் எனக்கு இவ்வளவு லேசாக வரக்கூடாது.

இன்னொன்றில் எழுந்து போகிறார். ரகுபதிக்குப் பிடிக்கும், இன்னொரு தரம் சிரிப்பான். அவனுக்காக நான் எழுதவில்லை.

மூன்றாவதில் சாமியார் எழுந்து ஒரு பிரசங்கம் செய்கிறார். அருமையான பிரசங்கம். ஆனால் பிரசங்கம் என்று ஆரம்பித்தால் நாங்கள் எல்லாரும் தப்பித்துக்கொள்வோம். வருஷா வருஷம் அப்படித்தான் தப்பிக்கிறோம்.

மூன்றையும் அடித்தபின் ஒன்றுதான் மிஞ்சியது. மதலைமுத்து சந்தியாகின் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"காலை நீட்டுங்க உபதேசியாரே. சாமி முட்டி போட்டுக்கினு கீறாரு. வயசானவரு, நோவும்."

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். தெரியாமல் இல்லை. எங்கள் கோவிலில் வரும் பெரிய வியாழனுக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை, அதனால்தான்.

நீங்கள் எந்தக் கோவிலோ, கம்பிக்கு எந்தப் பக்கமோ, எனக்குத் தெரியாது. சாமியார் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் வலது காலை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், சந்தியாகு என்ன செய்தார்?