தை மாதத்து மாப்பிள்ளையும் ஒரு கூடை வண்டலும்

எங்கள் ஊரில் எங்கே கிணறு தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். உப்பளம் அவ்வளவு பக்கம். அந்தக் காலத்தில் எந்த ஊர்க்காரனும் இங்கே பெண் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான். தண்ணீர் சுமந்தே பிள்ளையின் இடுப்பு ஒடிந்துபோகும் என்று பயம். கல்யாணம் ஆகாத ஆண்களெல்லாம் ரோஷப்பட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மழைத்தண்ணீர் தேங்க ஒரு ஊருணி வெட்டினார்கள். அது நிறைந்த மறு வருஷமே வரிசையாகக் கல்யாணம். அன்றிலிருந்து, இந்த ஊர்ப் பந்தலில் தாலி கட்டுகிறவன் எவனானாலும் முதலில் ஊருணியில் ஒரு கூடை வண்டல் அள்ளிக் கரையில் போட வேண்டும். ஊருணி இன்றுவரை தூர்ந்துபோகாததற்கு எங்கள் மாப்பிள்ளைகள்தான் காரணம்.

இதற்காகவே கல்யாணத்தை வைகாசியில் வைப்பார்கள். தண்ணீர் வற்றிக் கிடக்கும். என் கல்யாணத்தை மட்டும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தது என்று, போன தை மாதம் வைத்துத் தொலைத்தார்கள். பெருமழை பெய்த வருஷம். ஊருணி தளும்பி நின்றது. குடிக்கிற தண்ணீரில் எவனும் கால் வைக்கக் கூடாது. முகூர்த்தத்தன்று காலையில்தான் அத்தனை பேருக்கும் புத்தி வந்தது.

ஊர்த்தலைவர் சிவனாண்டி, என் பெரியப்பா, கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளச் சொல்லி ஒரே பிடியாக நின்றார். முத்தையாபுரத்தில் கடை வைத்திருக்கும் என் மாமனார், தள்ளினால் வேறு பெண் பார்த்துக்கொள்வோம் என்று எழுந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளை செந்தூர்வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இரண்டு கிழடுகளையும் நாலு வார்த்தை கேட்க வாய் துறுதுறுத்தது.

செந்தூர்வேல் மண்வெட்டியும் கூடையுமாக, ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் ஓடைக்குப் போனார்; நாங்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடினோம். மழை விட்டு நாளாகிவிட்டதால் ஓடை காய்ந்து கிடந்தது. கூடை நிறைய அள்ளினார்.

"இந்த மண்ணு அடுத்த மழைக்கு ஊருணிக்குள்ளதான வரும், மாமா? இப்பமே எடுத்துட்டேன்."

பெரியப்பா யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் கிரேன் ஓட்டுகிற மனுஷன் அளவு தெரியாமல் அள்ளிவிட்டார். கூடை அசையவில்லை. அள்ளினதைத் திரும்பக் கொட்டக் கூடாதாம், அதுவும் வழக்கமாம். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. நான் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

"ஏளா, பொண்ணு தூக்குத வழக்கம் இல்ல" என்றார் பெரியப்பா.

"இங்கன தினமும் தண்ணி தூக்குதது யாரு பெரியப்பா?"

மாமனாருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. நாயனக்காரரை ஊதச் சொன்னார். நாங்கள் இரண்டு பேருமாகக் கூடையைக் கரையேற்றினோம்.