பாலில்லாத பதினாறு டீ

சனிக்கிழமை காலை துருக்கியிலிருந்து பதினாறு பேர் வரப்போகிறார்கள். அவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்தை ஒழுங்காகச் சுற்றிக் காட்டிவிட்டால் நளினிக்கு வழிகாட்டி வேலை நிரந்தரம். தடுமாறினால் கோலாலம்பூரிலிருந்து வேறு ஆள் வரும். அவள் பழையபடி டிக்கெட் கவுண்டருக்குப் போகவேண்டியதுதான். மேனேஜர் ராதாகிருஷ்ணன் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மாலை துருக்கி மொழியின் கடைசி வகுப்பு. பக்கத்து டவுன் தானா ராத்தாவில் தாஹிராவின் அப்பா நடத்தும் சாப்பாட்டுக்கடையின் மாடியில்தான் பாடம். தாஹிரா நான்கு வருடம் அங்காராவில் படித்துவிட்டு வந்தவள். நளினிக்குப் பள்ளித் தோழி. ஆறு வாரமாகியும் நளினி ஒரு வாக்கியத்தைக்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. நோட்டில் எழுதுவாள், அவ்வளவுதான். தேதி, வாக்கியம், பொருள், அதன் பக்கத்தில் சந்தேகம். சந்தேகம்தான் எப்போதும் நீளமாக இருக்கும்.

‘பு தெபே யெஷில்’ என்று தாஹிரா பலகையில் எழுதியிருந்தாள்.

“இதுல ‘இஸ்’ எங்க இருக்கு?” என்று கேட்டாள் நளினி. “ஒரு வாரமா தேடுறேன். எதையோ விட்டுட்டேன் போல.”

“ஏன்டி இங்கிலீஷ்ல போய்த் தேடுற? பு, இந்த. தெபே, மலை. யெஷில், பச்சை. தமிழ்ல சொல்லு.”

“இந்த மலை பச்சை.”

“அதுல ‘இஸ்’ எங்க?”

நளினி நோட்டில் அந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்தாள்.

“நீ பேசுற வரிசையிலயே அடுக்கு, போதும்லா. பச்சை மலைன்னா யெஷில் தெபே. மலை பச்சைன்னா தெபே யெஷில்.”

“இவ்ளோ சுலபமா இருக்காதே.”

“சுலபமா இருந்தாலும் உனக்குச் சந்தேகம்தான்!” தாஹிரா சாக்பீஸை அவள் மேல் எறிந்தாள்.

அன்றிரவே நளினி பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதி, தாஹிராவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித் திருத்தி வாங்கி, மனப்பாடம் செய்தாள்.

சனிக்கிழமை அந்தப் பன்னிரண்டையும் பள்ளிப் பேச்சுப்போட்டியில் ஒப்பிப்பதுபோல மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். விருந்தினர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டார்கள். சரி, டீ குடித்தால் முகம் மலரும் என்று நினைத்து, “மகேன் அண்ணே, பதினாறு டீ!” என்று தோட்டத்து டீக்கடைக்குக் குரல் கொடுத்தாள்.

டீ வந்தது. ஒருவரும் குடிக்கவில்லை. சாம்பல் நிறத் துணியால் தலையை மூடியிருந்த ஒரு பெண் கரண்டியால் கிளறினாள். அடியிலிருந்து கெட்டிப்பால் வெள்ளையாகச் சுழன்று மேலே வந்தது. கணவரைப் பார்த்தாள், கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தாள்.

வாசலில் நின்ற ராதாகிருஷ்ணன், “என்னம்மா, கோலாலம்பூருக்குப் போன் போட்டுடவா?” என்றார்.

நளினிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மலையில் டீ என்று கேட்டால் பால் ஊற்றித்தான் வரும். வேண்டாம் என்றால் ‘தே ஓ’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். முதல் நாளே ‘சாய், டீ’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். நோட்டிலேயே சந்தேகம் எழுதாத ஒரே வரி அது; அந்தச் சாயில் பால் இருக்காது என்று அவள் நினைக்கவே இல்லை.

டீக்கடைக்கு ஓடினாள். “அண்ணே, பதினாறு தே ஓ. கெட்டியா, பால் வேணாம், சீனி தனியா.”

“இப்பதானே குடுத்தேன் தங்கச்சி? பாலில்லாம அது என்ன டீ, கஷாயம்!”

“அவங்களுக்கு அதுதாண்ணே டீ. தப்பு என் மேலதான். சீக்கிரம்!”

பன்னிரண்டு வாக்கியங்களில் இதற்கு ஒன்றுமில்லை. தாஹிராவிடம் கேட்கப் போனை எடுத்தாள். அவள் பதில் போடுவதற்குள் டீ ஆறிவிடும். போனைப் பையில் போட்டுவிட்டுத் தட்டைத் தூக்கினாள்.

“பு சாய் கொயு,” என்றாள். இந்த டீ கெட்டி. சீனிக் கிண்ணத்தைக் காட்டி, “ஷெகெர் புராதா.” சீனி இங்கே.

அந்தப் பெண் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துச் சிவப்பைப் பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். “சோக் குஸெல்!” ரொம்ப நன்றாக இருக்கிறதாம். பிறகு இலைகளைச் சுட்டி, “பு சாய் தாஸெ மி?” என்று கேட்டாள்.

தாஸெ என்றால் புதிது. கடைசியில் ஒரு மி. புதுசா என்று கேட்கிறாள்! யாரும் சொல்லித்தராமல், திருத்திக்கொடுக்காமல், நளினிக்கு அது அப்படியே புரிந்தது.

“தாஸெ! சோக் தாஸெ!”

மேசை முழுவதும் சிரிப்பு. இரண்டாவது கிளாஸ் கேட்டார்கள். கேள்விகள் நாலாபக்கமிருந்தும் வந்தன. தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். தெரியாததற்கு, ‘தெரியாது’ என்பதையும் துருக்கியிலேயே, “பில்மியோரும்!” என்று சத்தமாகச் சொன்னாள். அதற்கும் கைதட்டினார்கள்.

ராதாகிருஷ்ணன் பக்கத்தில் வந்தார். “அடுத்த மாசம் நாப்பது பேர் வராங்க. வரச்சொல்லி இப்பதான் போன் போட்டேன்.”

“கைடு யாரு சார்?”

“என்னைக் கேட்டா? வேலையப் பாரும்மா. உன் ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

நளினி முன்னால் நடந்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதை குறுகும் இடத்தில் திரும்பி நின்று கையை உயர்த்தினாள்.

“யோல் தார்!” பாதை குறுகல்.

பதினாறு பேரும் பேச்சை நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து நின்றார்கள்.