முந்நூறு நொடி எதிர்காலம்

அவனுக்கு ஆபீசிலும் வீட்டிலும் ஒரே பெயர். அஞ்சு நிமிஷம். எதற்குக் கூப்பிட்டாலும் அவன் வாயிலிருந்து முதலில் விழுவது அதுதான். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டபோதும் அதையே சொன்னான். மனைவி அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும்.

மகளுக்குப் பதினொரு வயது. கையையும் காலையும் மடக்கி விரித்து நீந்துவாள். அதனால் வீட்டில் தவளை. இதுவரை ஏழு போட்டிகளில் நீந்தியிருக்கிறாள். ஏழு முறையும் அவன் போய்ச் சேர்ந்தபோது தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்டா செல்லம். பிரமாதம்" என்பான்.

"என் தொப்பி என்ன நிறம்?"

ஒரே கேள்விதான். நீச்சல் தொப்பியை அதற்குள் பையில் போட்டு மூடியிருப்பாள். ஏழு போட்டி, ஏழு தொப்பி, ஏழு தப்பான பதில்.

எட்டாவது போட்டி இன்று மதியம் இரண்டு மணிக்கு. இதற்கு அவன் தாமதமாகப் போக வழியில்லை. போட்டியே அவன் கையில் இருந்தது.

அவன் வேலை பார்ப்பது விளையாட்டு அரங்குகளுக்கு எண்பலகை செய்கிற சின்னக் கம்பெனியில். நீச்சல் குளத்தில் இருப்பதும் அவர்கள் செய்த பலகைதான். நீந்தி வருகிறவர் சுவரில் இருக்கும் தட்டைத் தொட்டால் அந்தத் தடத்தின் நேரம் பலகையில் நின்றுவிடும். போன மாதம் நாலாவது தடத்தில் தொட்டதும் பலகையே நின்றுவிட்டது. பயிற்சியாளர் கையில் வைத்திருந்த கடிகாரத்தை அமுக்கி, அந்தத் தடத்தில் வந்த தவளைக்கு நாலாவது இடம் என்றார்.

"அந்தக் கட்டைவிரல் மெதுவாத்தான் அமுக்கும்பா" என்று தவளை மூன்று நாள் அழுதாள். பயிற்சியாளருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில். விசிலுக்குக் கட்டைவிரலில் பழைய சுளுக்கு. குளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"இந்தத் தடவ பலகை ஓடும். சரி பண்ணி நானே கொண்டு வரேன்."

"எத்தன மணிக்கு?"

"ஒண்ணரைக்கே அங்க இருப்பேன்."

தவளை அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

பலகைக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் கெர்னல். மற்ற ப்ரோகிராம் எல்லாம் அதன் தோளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அது படுத்தால் எல்லாம் படுக்கும். பல்லாயிரம் கோப்புகளில் எழுதிவைத்த சமாசாரம் அது. ஒவ்வொரு கோப்பையும் இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றி, மாற்றியவற்றை ஒன்றாகக் கோக்க வேண்டும். கம்பைல் என்பது இதுதான். அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மொத்தத்தையும் செய்ய நாலு மணி நேரம் பிடிக்கும். பிறகு ஏதாவது திருத்தினால், திருத்திய கோப்பை மட்டும் மாற்றினால் போதும். ஒரு நிமிட வேலை.

காலை எட்டு மணிக்கு ஓடவிட்டான். நண்பகலில் முடிந்தது. மேசைமேல் மாதிரிப் பலகை ஒன்று இருந்தது. கெர்னலை அதற்கு அனுப்பப் போனபோது கம்ப்யூட்டரின் இணைய வலைக்கம்பி கழன்று கிடந்தது. பூனைகூட இல்லாத வீட்டில் இது எப்படிக் கழன்றது என்று ஒரு கணம் யோசித்தான். செருகினான். அனுப்பினான். நாலாவது தட்டைத் தொட்டான். பலகை இரண்டு முறை கண்சிமிட்டிவிட்டு நின்றுபோனது.

காரணம் பத்து நிமிடத்தில் கிடைத்தது. தொட்டதும் தட்டு நடுங்குகிறது. ஒரு தொடுதல் இரண்டாகப் போய்ச் சேருகிறது. இரண்டாவதைக் கண்டதும் கெர்னல் மலைத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டாவது தொடுதலைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லி எண்பலகைக்கான கோப்பில் ஆறு வரி எழுதினான். அந்த ஆறு வரியைக் கூப்பிடச் சொல்லி, தொடுதட்டுக்கான கோப்பில் ஒரு வரி. கம்பைல் செய்தான்.

சிவப்பில் ஒரு வரி வந்தது. நீ கூப்பிடும் ஆள் இங்கே இல்லை.

கோப்பைத் திறந்தான். ஆள் இருந்தார். ஆறு வரியும் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தன.

மறுபடி ஓட்டினான். இல்லை.

எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தான். இருந்தது. ஓட்டினான். இல்லை.

அழித்துவிட்டு அதையே மறுபடி எழுதினான். காப்பிக் கோப்பையைத் திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்தினான். போன வருடம் ஒருமுறை இதற்குப் பலன் இருந்தது. ஓட்டினான்.

இல்லை.

"இந்தா இருக்குடா! கண்ணு தெரியலையா உனக்கு?" என்று திரையைத் தட்டினான்.

"யார்கிட்ட பேசறீங்க?" சமையலறையிலிருந்து மனைவி.

"யார்கிட்டயும் இல்ல."

"மணி ஒண்ணு ஆகப் போகுது!"

தவளை விசிலின் வேனில் எப்போதோ போயாகிவிட்டது. இந்நேரம் தண்ணீரில் கை கால் உதறிக்கொண்டிருப்பாள். ஆபீஸ் நண்பனுக்குப் போன் போட்டான். நண்பனின் பெயர் துடைப்பம். எந்தப் பிரச்சினைக்கும் அவனிடம் ஒரே மருந்துதான் உண்டு.

"எல்லாத்தையும் துடைச்சுப் போட்டுட்டு முதல்லேருந்து கம்பைல் பண்ணு மச்சான்."

"நாலு மணி நேரம்டா."

"அதனால என்ன, சாயங்காலம் போ."

"ரெண்டு மணிக்குப் பொண்ணு நீந்தறா."

"எப்பவும் சாயங்காலம்தானே போவ?"

போனை வைத்தான். அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நினைக்கவே பயமாக இருந்தது. பலகை ஓடாவிட்டால் விசில் கட்டைவிரலை எடுப்பார். தவளை தன்னைப் பார்க்கப்போகும் பார்வையை ஒத்திகை பார்த்தான். அதற்குத் தொப்பிக் கேள்வியே தேவலை.

மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு அறைவாசலில் நின்றாள்.

"கிளம்பலாமா?"

"அஞ்சு நிமிஷம்."

"என்னதான் சொல்லுது அது?"

"இருக்கறத இல்லங்குது."

"எங்க மாமியார் மாதிரி" என்றாள். அவனுடைய அம்மாவைத்தான் சொன்னாள். அவனுக்கு அது உறைக்கவில்லை. அதிலிருந்தே நிலைமை மோசம் என்று அவளுக்குப் புரிந்தது. பக்கத்தில் வந்து குனிந்தாள்.

அவள் மருந்துக்கடையில் மருந்தாளுநர். அட்டையின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பதைப் படிப்பதுதான் தொழில். வீட்டிலும் ஷாம்பு பாட்டிலைக் கடைசி வரி வரை படிக்காமல் திறக்கமாட்டாள்.

"இது என்ன மஞ்சளா ஓடுது?"

"வார்னிங். அத விடு. சிவப்பு மட்டும்தான் எர்ரர்."

"வார்னிங்க படிக்க மாட்டீங்களா?"

"நூத்துக்கணக்குல வரும். யாரும் படிக்க மாட்டாங்க."

"எங்க கடையில இப்படிச் சொன்னா என்னைத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க."

படிக்க ஆரம்பித்தாள். ஒரு வரி. இரண்டு. மூன்றாவது வரியில் அவள் தலை அசையாமல் நின்றது. பிறகு நிமிர்ந்தாள்.

"நான் போய் வண்டிச் சாவி எடுக்கறேன்" என்றாள்.

பதினாலு வருடக் குடித்தனத்தில் எதையும் அவள் பாதியில் விட்டு எழுந்ததில்லை. அவன் மூன்றாவது வரியைப் படித்தான்.

எண்பலகைக் கோப்பின் மாற்றிய பிரதி முந்நூறு நொடி எதிர்காலத்தில் இருக்கிறது. கடிகாரத்தில் ஏதோ குளறுபடி. உன் வேலை அரைகுறையாக இருக்கலாம்.

முந்நூறை அறுபதால் வகுத்தான். ஐந்து.

கம்ப்யூட்டர் அவனைப் பார்த்து அஞ்சு நிமிஷம் என்கிறது. அந்தச் சொல்லை எதிர்ப்பக்கத்திலிருந்து அவன் கேட்பது வாழ்க்கையில் இதுதான் முதல் முறை. பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா."

"சாவியத் தேடறேன்."

"சாவி உன் கையில இருக்கு. இந்தக் கம்ப்யூட்டர் கடிகாரத்துல கைய வெச்சியா?"

அவள் சாவியைக் கைப்பைக்குள் போட்டாள்.

"எவ்வளவு தள்ளி வெச்ச?"

"சொல்ல மாட்டேன். சொன்னா கழிச்சுப் பாத்து அதுக்கும் லேட்டா வருவீங்க."

"சொல்லும்மா. தவளைக்காக."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாப்பத்தேழு நிமிஷம். மொதல்ல மூணு தடவ வெச்சுப் பாத்தேன், தானா சரியாயிடுச்சு. அப்புறம் கடைப் பையன்தான் சொன்னான், அது வலைக்கம்பி வழியாத்தான் சரியான மணியக் கேட்டுக்குது, அதப் புடுங்கிட்டு வெச்சா தெரியாதுன்னு."

அவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். இப்போது எல்லாம் வரிசையில் வந்து நின்றது. காலையில் கம்ப்யூட்டர் நாற்பத்தேழு நிமிடம் முன்னால் ஓடியிருக்கிறது. எண்பலகைக் கோப்பை அது மாற்றியது உண்மையில் பதினொன்று ஐம்பத்தைந்துக்கு. ஆனால் அதன்மேல் குத்திய முத்திரை பன்னிரண்டு நாற்பத்திரண்டு. பன்னிரண்டு மணிக்குக் கம்பியைச் செருகியதும் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் சரியான நேரத்துக்குத் திரும்பிவிட்டது. அதன்பின் அவன் அந்தக் கோப்பைத் திருத்தினான். கடைசியாக அவன் ஓட்டிய பன்னிரண்டு முப்பத்தேழுக்கு அந்த முத்திரை இன்னும் முந்நூறு நொடி தள்ளி இருந்தது.

"நான் திருத்தினது பன்னெண்டேகாலுக்கு. இது என்ன நெனைச்சிடுச்சு? திருத்தினது பழசு, மாத்தி வெச்சதுதான் புதுசு. அதனால நான் எழுதினதத் திரும்பிக்கூடப் பாக்கல. தொடுதட்டுக் கோப்பு காலையில சீக்கிரமே முடிஞ்சதால அதுல மட்டும் இந்தப் பிரச்சினை இல்ல."

"அப்ப தப்பு அது மேலதானே."

"கடிகாரத்த மாத்தினது யாரு?"

"ஏழு போட்டிக்கு லேட்டா வந்தது யாரு?"

இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல ஆள் அந்த அறையிலேயே இருந்தது. இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள்.

எண்பலகைக் கோப்பின் மாற்றிய பிரதியை மட்டும் அழித்தான். ஓட்டினான். மஞ்சள் வரிகள் ஓடின. இந்த முறை ஒவ்வொன்றையும் படித்தான். சிவப்பு வரவே இல்லை. மாதிரிப் பலகையின் நாலாவது தட்டை விரலால் தொட்டான். நேரம் நின்றது. பலகை நிற்கவில்லை. நூறு தடவை தொட்டான். மனைவியும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

கெர்னலை ஒரு மெமரி அட்டையில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஹால் கடிகாரம் ஒன்று நாற்பது காட்டியது. நாற்பத்தேழைக் கழித்தான். முகம் மலர்ந்தது.

"மணி ஒண்ணுகூட ஆகலையே. ஷேவ் பண்ணிக்கவா? அஞ்சு நி..."

"ஹால் கடிகாரம் நாப்பத்தேழு இல்ல."

"பின்ன?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கணக்கு. கம்ப்யூட்டர் கணக்க இங்க போட்டா ஏமாந்துடுவீங்க. ஏறுங்க வண்டியில."

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அதை நம்பலாமா என்று தெரியவில்லை. தெருவில் ஒருவரிடம் மணி கேட்கலாம் என்று நினைத்தான். அவரையும் இவள் முன்கூட்டியே பார்த்துப் பேசியிருப்பாளோ என்று தோன்றியது. ஏறி உட்கார்ந்தான். தாடியோடு போனான்.

நீச்சல் குளத்து வாசலில் விசில் நின்றிருந்தார். அவனைப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரத்தைக் காதில் வைத்து ஆட்டினார்.

"ஒண்ணு இருபத்தெட்டு. சார், நேத்தே கிளம்பிட்டீங்களா?"

"பலகை எங்க?"

"அங்கதான் இருக்கு. எதுக்கும் நான் கட்டைவிரலுக்குத் தைலம் போட்டு வெச்சிருக்கேன்."

ஏணியில் ஏறி அட்டையைச் செருகினான். பலகை இருண்டது. பதினோரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு எட்டுத் தடத்துக்கும் எட்டு சைபர் வரிசையாக எரிந்தன. மேலிருந்து கை காட்டினான். கீழே மனைவி பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்தினாள். அதைப் பார்த்த விசில் தன் கட்டைவிரலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு மணி. எட்டுச் சிறுமிகள் மேடையில் ஏறினார்கள். விசில் தன் விசிலை ஊதினார். எட்டுப் பேரும் தண்ணீருக்குள் போனார்கள்.

அவன் பலகையைப் பார்த்தான். எண்கள் ஓடின. தவளை நீந்திய நாலாவது தடம் மட்டும் கண்ணில் இருந்தது. நடுங்காதே என்று தட்டிடம் சொன்னான். இரண்டாவது தொடுதலைக் கண்டுகொள்ளாதே என்று கெர்னலிடம் சொன்னான். பக்கத்தில் யாரோ கத்தினார்கள். மனைவி அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். மூன்று தடங்கள் நின்றன. பிறகு நாலாவது தடம் நின்றது. நாற்பத்தொன்பது புள்ளி மூன்று ஒன்று. பலகை கண் சிமிட்டவில்லை. மீதி நாலும் வரிசையாக ஓடி நின்றன.

அவன் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான்.

"நாலாவது வந்திருக்கா" என்றாள் மனைவி.

"தெரியும்! என்ன துல்லியம் பாத்தியா!"

தவளை தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் இந்த முறை அவன் அவளுக்கு முன்பே அங்கே நின்றான். அவள் துண்டை விலக்கி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூணாவதுக்கு நாப்பத்தொம்போது புள்ளி ரெண்டு ஏழுப்பா. கொஞ்சூண்டுல போச்சு."

"வருத்தமா?"

"இல்ல. போன தடவ விசில் சொன்னதால நாலாவது. இந்தத் தடவ நெஜமாவே நாலாவது." மூக்கை உறிஞ்சினாள். "நீ ஆரம்பத்துலேருந்து இருந்தியா?"

"ஒண்ணு இருபத்தெட்டுலேருந்து இருக்கேன். விசிலக் கேளு."

"முழுசாப் பாத்தியா?"

"கண்ணக்கூடச் சிமிட்டல."

தவளையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. பிறகு ஒரு யோசனை வந்தது போலக் கண்ணைச் சுருக்கினாள். தொப்பி பைக்குள் இருந்தது. ஜிப் மூடியிருந்தது.

"என் தொப்பி என்ன நிறம்?"

அவன் நினைவில் துழாவினான். உள்ளே சிவப்பு எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"நாப்பத்தொம்போது புள்ளி மூணு ஒண்ணு" என்றான்.

"நிறம்பா."

தவளைக்குப் பின்னால் மனைவி நின்றிருந்தாள். தன் ஆரஞ்சு நிறக் கைப்பையைத் தோளிலிருந்து சத்தமில்லாமல் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். அவன் பார்வை மேலே போனது.

தவளை திரும்பவில்லை.

"அம்மா" என்றாள். "பையக் கீழ எறக்கு."