இஞ்சைதான் இருப்பன்

யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் இசைக்குழுவுக்கு ஒரு பாட்டுத்தான் இருந்தது. அதுவும் பாட்டாகத் தொடங்கியதல்ல, பெண் கேட்டு எழுதிய விண்ணப்பம். லெனாட் ஜெசிதாவை விரும்பினான். அவளுடைய அப்பா இத்தாலிக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டவர். அதனால் தாய் லூர்த்தம்மா, "வெளிநாட்டு நினைப்பிருக்கிறவனுக்கு என்ரை பிள்ளையைத் தரமாட்டன்" என்று பங்குக் கோயில் வாசலில் வைத்தே சொல்லியிருந்தார். அதற்கு மறுமொழியாகத்தான் லெனாட், ஊரைவிட்டுப் போகவே மாட்டேன் என்று 'இஞ்சைதான் இருப்பன்' பாட்டை எழுதினான். றோய் கிற்றார், நான் கீபோட்.

பருத்தித்துறை பஸ்ஸில், ஓட்டோக்களில், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு வீடுகளில் எல்லாம் அது ஓடியது. அதற்குப் பிறகு செய்த பாட்டுகளை எங்கள் வீட்டார் மட்டும் கேட்டார்கள். இணுவிலில் ஒரு கல்யாணத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்கினோம். பந்தியிலிருந்து ஒருவர் கத்தினார்.

"தம்பி, உதை விட்டிட்டு அந்தப் பாட்டைப் படியும்! மாப்பிளை நாளைக்கு சுவிஸ் போறார்."

படித்தோம். மாப்பிள்ளை அழுதார்.

பிறகு கனடாவிலிருந்து ஒரு கலைவிழாவுக்கு அழைப்பு வந்தது. "போயிட்டு வந்திடுவன் அன்ரி" என்று லெனாட் லூர்த்தம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டான். விசா நேர்முகத்தில், திரும்பி வருவீர்களா என்று கேட்டார்கள். லெனாட் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினான். மொழிபெயர்த்த பெண் ஒரு வரியும் விடாமல் சொன்னாள். மூவருக்கும் விசா கிடைத்தது.

விழா முடிந்ததும் நானும் றோயும் கனடாவிலேயே நின்றுவிட்டோம். லெனாட் பெட்டி அடுக்கினான்.

"உனக்கென்ன விசரே மச்சான்? உந்தப் பாட்டை ஆரடா நம்பினது?" என்றான் றோய்.

"ஜெசி நம்பினவள்."

ஊரில் இறங்கியவன் நேரே அவள் வீட்டுக்குத்தான் போனான். நடந்ததையெல்லாம் பிறகு எனக்குப் போனில் சொன்னான்.

"ஏன் தம்பி வந்தனீர்?" என்று கேட்டாராம் லூர்த்தம்மா.

"வருவன் எண்டுதானே அன்ரி போனனான்."

"எல்லாரும் அப்பிடிச் சொல்லிப்போட்டுத்தான் போறது. அதுக்காக வாறதே? பிடிச்சு அனுப்பிப்போட்டாங்கள் எண்டெல்லே சனம் கதைக்கப்போகுது."

"நீங்கள்தானே வெளிநாட்டுக்காரனுக்குத் தரமாட்டன் எண்டனீங்கள்?"

"அது விசா இல்லாதவனுக்குச் சொன்னது!"

கதவடியில் நின்ற ஜெசிதா அப்போதுதான் வாய் திறந்தாள். "அம்மா, அப்பாவும் வருவன் எண்டுதான் போனவர். சொன்னபடி இந்தப் படியிலை திரும்பி ஏறின ஆம்பிளை உவர் ஒருத்தர்தான்."

லூர்த்தம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். அங்கிருந்து சத்தம் வந்தது: "தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ, இல்லாட்டி அதையும் கனடாவிலை விட்டிட்டு வந்தீரோ?"

போன சனிக்கிழமை கல்யாணம். ஊரில் இருக்க வழியில்லை என்று நாங்கள் போட்ட அகதி வழக்கு முடியாததால் நானும் றோயும் போனில்தான் பார்த்தோம். ஊரைவிட்டு ஒருநாளும் போகமாட்டோம் என்று நாங்கள் பல்லைக் காட்டிப் பாடும் அந்தப் பாட்டு வீடியோவை எங்கள் வழக்கறிஞர் இன்னும் பார்க்கவில்லை. அதை இதுவரை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று நாங்கள் தினமும் எண்ணிப் பார்க்கிறோம்.

லெனாட் தன் கல்யாணத்துக்கென்று புதுப் பாட்டு எழுதியிருந்தான். முதல் வரி முடியமுன் லூர்த்தம்மா எழும்பிவிட்டார்.

"மருமோன், உதைப் பிறகு படியும். சனம் அந்தப் பாட்டுக்கெல்லே காத்திருக்குது." எங்கள் முகம் தெரிந்த போனைத் தூக்கி மைக்கடியில் பிடித்தார். "பிள்ளையள், நீங்களும் சேந்து படியுங்கோ. பேஸ்புக்கிலை லைவ் போகுது."

றோய் பாய்ந்து எங்கள் போனின் கமராவைப் பெருவிரலால் மூடினான். நான் கீபோட்டில் கை வைத்தேன். எங்கள் சத்தம் அங்கே பிந்திப் பிந்திப் போய்ச் சேர்ந்தது. லெனாட் ஒவ்வொரு வரியிலும் எங்களுக்காக நின்று நின்று பாடினான். கறுத்த திரைக்குப் பின்னாலிருந்து, அடையாளம் தெரியாதபடி குரலைத் தாழ்த்தி, நாங்களும் சொன்னோம்: இஞ்சைதான் இருப்பன்.