குண்டூசியின் தட்டில் நாலு நிறம்

அண்ணன் மகள் குண்டூசியின் சிறுநீர் சாம்பிள் வைத்த தட்டைத் திறந்த அத்தைக்காரி, இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். ஒரே ஒரு நிறம் இருந்திருந்தால் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள். நாலு நிறம் இருந்தது.

அவள் வேலை பார்க்கிற லேபில் சிறுநீரில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற தட்டு லேசுப்பட்ட தட்டு இல்லை. உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் வட்டம். உள்ளே கெட்டியான கூழ். அந்தக் கூழுக்குள் ஒளிந்துகொண்டு சாயம். சிறுநீரில் ஒரு சின்னக் கம்பி வளையத்தை நனைத்து, கூழ் மேல் கோடு இழுத்து, உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். உள்ளே எந்தக் கிருமி இருக்கிறதோ அது தன் நிறத்தைப் பூசிக்கொண்டு தானாக வெளியே வந்து நிற்கும். ஈ.கோலை என்றால் ரோஸ். கிளெப்சியெல்லா என்றால் உலோகம் மாதிரி மின்னுகிற கருநீலம். எண்டெரோகாக்கஸ் என்றால் பொடிப்பொடியாகப் பச்சைநீலம். தினமும் காலையில் அவள் இந்தத் தட்டுகளைத் திறக்கிற வேகத்தைப் பார்த்தால், யாரோ பிறந்தநாள் பரிசைப் பிரிக்கிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

இந்தத் தட்டில் ரோஸ், கருநீலம், பச்சைநீலம், போதாக்குறைக்கு ஓரத்தில் பழுப்பு வேறு. எல்லாரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு சந்தைக்கடை மாதிரி நின்றார்கள்.

பின்னாலிருந்து சீனியர் எட்டிப் பார்த்தார். "யார் வீட்டுக் கண்காட்சி இது?"

"எங்க வீட்டுதுதான் சார். அண்ணன் பொண்ணு."

"சொந்தம்னு பாக்காத. வெளியில இருந்து கலந்திருக்கு. வேற சாம்பிள் கேளு."

"இந்தப் பச்சைநீலத்து மேலதான் சார் எனக்கு சந்தேகம்."

"உன் சந்தேகத்துக்கு எந்த டாக்டர்மா மருந்து எழுதுவாரு?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் குண்டூசிக்கு நாலு வயசு. ஆள் ஒல்லி, குரல் மட்டும் சுருக்கென்று குத்தும். அதனால்தான் அந்தப் பெயர். ஒரு வாரத்துக்கு மேலாகக் காய்ச்சல். சிறுநீர் வந்தால் எரிகிறது என்று அடக்கி அடக்கி வைத்துக்கொண்டு, முடியாமல் போகும்போது வீடே அதிர அழுகிறாள். குழந்தை டாக்டர் உத்தேசமாக ஒரு சிரப் கொடுத்தார். பாட்டில் காலியாகப் போகிறது, காய்ச்சல் அசையக் காணோம். தட்டு விஷயத்தைச் சொன்னதும் அவர் போனிலேயே பெருமூச்சு விட்டார். "நாளைக்கு சுத்தமான சாம்பிள் எடுக்க முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா அட்மிட் பண்ணி, யூரின் வர்ற வழியில டியூப் விட்டுத்தான் எடுக்கணும்."

அத்தைக்காரி அண்ணிக்கு போன் போட்டாள். அண்ணியின் வீட்டில் தூசிகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரும்.

"அண்ணி, சாம்பிள்ல வேற கிருமி எல்லாம் கலந்திருக்கு."

"கலந்திருக்குன்னா? என் வீடு அழுக்குன்னு சொல்றியா?"

"ஐயோ, நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"பின்ன என்ன அர்த்தம்? கொதிக்கிற தண்ணி ஊத்தி, சோப்பு போட்டு, பளபளன்னு தேய்ச்சுக் கழுவினேன் அந்த வாத்தை!"

"எந்த வாத்தை?"

"அவ உக்காருவாளே, அந்த மஞ்சள் வாத்து. அதுல போனாத்தானே அவளுக்கு வரும். அதுல இருந்துதான் உன் பாட்டில்ல ஊத்தினேன்."

அத்தைக்காரிக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. வாத்து உருவத்தில், குழந்தை உட்கார்ந்து போகிற பிளாஸ்டிக் சட்டி. எவ்வளவு தேய்த்தாலும் கண்ணுக்குத்தான் பளபளப்பு. கிருமிக்கு அதில் ஒரு கீறல் போதும், குடும்பத்தோடு குடியேறிவிடும்.

அடுத்து புரிந்தது இன்னும் சுருக்கென்று தைத்தது. லேப் கவுண்டரில் பாட்டில் வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் பாடம் மாதிரி ஒப்பிப்பாள். வெறும் தண்ணீரில் கழுவுங்கள், முதலில் வருவதை விட்டுவிடுங்கள், நடுவில் வருவதை நேராக பாட்டிலில் பிடியுங்கள், உள்பக்கம் கை படக்கூடாது. கேட்டுக் கேட்டு வாசல் காவலாளிக்கே மனப்பாடம். அண்ணிக்கு மட்டும் சொல்லவில்லை. அண்ணிக்குப் போய் இதை எல்லாம் பாடம் எடுப்பதா என்று கூச்சப்பட்டு, பாட்டிலை அண்ணன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"அண்ணி, தப்பு என்னோடது. எப்படிப் பிடிக்கணும்னு நான் சொல்லியிருக்கணும். நாளைக்கு லேபுக்கே கூட்டிட்டு வாங்க. இதுவும் சரியா வரலைன்னா டாக்டர் டியூப் விடணும்னு சொல்றாரு."

அண்ணியின் குரல் இத்தனூண்டாக வந்தது. "டியூபா? அந்தச் சின்ன உடம்புக்குள்ளயா?"

"அதுக்கு விடக்கூடாது அண்ணி. வாத்தையும் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் காலை, ரத்தம் கொடுக்கக் காத்திருந்த கூட்டத்தின் நடுவே அண்ணி நடந்து வந்தாள். இடுப்பில் குண்டூசி, தோளில் துணிப்பை, பைக்கு வெளியே மஞ்சள் மூக்கு. யாரோ சிரித்தார்கள். அண்ணி பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

லேபின் கழிவறையில் இரண்டு பேர் நின்றாலே முட்டும். கதவுக்குக் கொக்கியும் கிடையாது. அத்தைக்காரி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை இருந்தா வராது," என்றாள் குண்டூசி.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்டா."

"கண்ணையும் மூடு."

மூடினாள். கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, தான் தினமும் ஒப்பிக்கிறதை வரிவரியாகச் சொன்னாள். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சத்தம், குழந்தையின் சிணுங்கல், "ஆச்சு தங்கம், ஆச்சு" என்ற அண்ணியின் குரல்.

"இப்போ உக்கார வேணாம் அண்ணி. வாத்தோட கழுத்தைக் கட்டிக்கிட்டு காலை அகட்டி நிக்கட்டும்."

"நிக்கிறா."

"எரியும்மா," என்று அழ ஆரம்பித்தாள் குண்டூசி. "நான் போக மாட்டேன். போக மாட்டேன்."

"வருது!" என்றாள் அண்ணி.

"பாட்டிலைக் கொண்டு போகாதீங்க, முதல்ல கொஞ்சம் போகட்டும்."

"போகுதுடி. ஐயோ, அடக்கிட்டா. நின்னுடுச்சு."

அத்தைக்காரிக்குத் திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். குண்டூசியின் விசும்பல் அந்தச் சின்ன அறை முழுக்க முட்டி மோதியது. டியூப், வார்டு, அந்தச் சின்னக் கால்களை யாரோ அமுக்கிப் பிடிப்பது எல்லாம் மூடின கண்ணுக்குள் வரிசையாக வந்தன.

"இங்க பாரு," என்றாள் அண்ணி, மிக மெதுவாக. "இதோ அம்மா கை. எவ்வளவு எரியுதோ அவ்வளவு கிள்ளு. அம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேன்."

"ரத்தம் வந்தா?"

"வரட்டும். இங்கதான் ரத்தம் எடுக்கிறவங்க நிறைய இருக்காங்களே."

அழுகைக்கு நடுவில் ஒரு துண்டு சிரிப்பு. உடனே அண்ணி "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்த சத்தம். அதன் பின்னாலேயே தண்ணீர் சத்தம், நிற்காமல்.

"பிடிச்சுட்டேன்," என்றாள் அண்ணி.

பாட்டிலை வாங்கும்போதுதான் அத்தைக்காரி பார்த்தாள். அண்ணியின் முழங்கைக்குக் கீழே வரிசையாகப் பிறை பிறையாக நகக்குறிகள். பாட்டிலைப் பிடித்த மற்ற கை ஆடவே இல்லை.

பாட்டிலின் சூடு ஆறுவதற்குள் தட்டில் கோடு இழுத்துவிட்டாள்.

"சுத்தமா இருக்கா?" என்றாள் அண்ணி.

"இப்போ தெரியாது அண்ணி. ராத்திரி முழுக்க அதுங்க வளரணும். காலைலதான் நிறம் காட்டும்."

"அது வரைக்கும் நான் என்ன பண்ணுறது?"

"தூங்குங்க. நீங்க தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

அண்ணி நாத்தனாரின் தோளில் ஒரு நொடி தலையைச் சாய்த்துவிட்டு, வாத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் அத்தைக்காரி வேலை நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். தட்டை எடுத்தாள். வெளிறின புள்ளிகள், எந்த நிறத்திலும் சேராமல். அவசரத்தில் பார்த்தால் இப்படித்தான். நிறம் பழுக்க நேரம் வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்கிறவள் அவள்தான். திரும்ப உள்ளே வைத்துவிட்டு, இருப்புக்கொள்ளாமல் மேஜையைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"பெயிண்ட் போயிடும், விடு," என்றார் சீனியர். "போய் இப்போ எடு."

எடுத்தாள். ரோஸ் இல்லை. கருநீலம் இல்லை. பழுப்பு இல்லை. இழுத்த கோடு முழுக்கப் பச்சைநீலம், பொடிப்பொடியாக, நெருக்கி நெருக்கி.

சீனியர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "ஒரே ஆள்தான். எண்டெரோகாக்கஸ்."

"அந்த சிரப் இவனைத் தொடவே தொடாதே சார்!"

"அதான் ஐயா ஜம்முனு உக்காந்திருக்காரு. டாக்டருக்கு போன் போடு, என் மூஞ்சியை என்ன பாக்குற?"

டாக்டர் சிரப்பை மாற்றினார். டியூப் வேண்டாம் என்றார். அத்தைக்காரி அதை அண்ணியிடம் சொன்னபோது, அண்ணி "சரி" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்கவே நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மதியம், வேலைக்கு நடுவில் போன் அடித்தது. அண்ணி.

"காய்ச்சல் எப்படி அண்ணி?"

"விட்டுடுச்சு. நீ பேசாத. சும்மா கேளு."

போனை எங்கேயோ கொண்டுபோகிற சத்தம். கதவு கிறீச்சிட்டது. அப்புறம், தூரத்தில், பிளாஸ்டிக் மேல் தண்ணீர் விழுகிற சத்தம், தடையில்லாமல். அதற்கு மேலே குண்டூசி தனக்குத்தானே ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை.

"கேட்டுச்சா?" என்று ரகசியமாகக் கேட்டாள் அண்ணி.

அத்தைக்காரி கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்கப் போனாள். சட்டென்று நிறுத்தி, தோளில் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சு அண்ணி. இன்னும் கொஞ்ச நேரம் போனை அங்கயே பிடிங்க."